பழைய வீடும் புதுப் பூச்சும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கைப்பொருள் எவ்வாறு கரைகிறது என்பதைக் கண்டு தெளிந்தவர்கள் விட்டுச்சென்ற எச்சரிக்கை அது. இக்கால இளைஞர் சிலர் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டுள்ளனர். பழைய வீட்டை வாங்கு, பழுது பார், விற்று விடு! கைபேசித் திரையில் முப்பது விநாடிக்குள் பாழடைந்த வீடு ஒன்று பளபளக்கும் மாளிகையாக மாறிவிடுகிறது. அடுத்த விநாடியே இலாபத் தொகை கொட்டை எழுத்தில் மின்னுகிறது. "நாமும் செய்தால் என்ன?" என்ற பேச்சு நம் விடுதியிலும் கல்லூரி வாயில் தேநீர்க் கடையிலும் அடிக்கடி காதில் விழுகிறது.

கேட்பதில் தவறொன்றுமில்லை. பட்டம் பெற்ற பின் தேர்வாணையத்தின் அறிவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட ஏதேனும் ஒரு தொழிலில் இறங்குவது மேல் என்று நினைப்பவனைக் குறை சொல்ல முடியாது. பாழாகிக் கிடக்கும் வீட்டை மனிதர் வாழத்தக்கதாக ஆக்குவது நல்ல தொழிலுங்கூட. ஆனால் கடன் வாங்கி, அவசர அவசரமாகக் கைமாற்றி, பத்தே மாதத்தில் இலாபம் பார்த்துவிடலாம் என்று புதியவன் ஒருவன் எண்ணினால் அவன் ஏமாறுவான். அல்லது பிறரை ஏமாற்றுவான். இதுவே என் கருத்து. பொருளியல் மாணவன் என்ற முறையில் முதலில் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மாவட்டத் தலைநகரில் பழைய வீடு ஒன்று ரூ. 30 இலட்சத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். வீடு கற்பனை, தீர்வையும் கட்டணமும் கற்பனையல்ல. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. (பதிவுக் கட்டணம் 2017 ஜூன் முதல் 4 விழுக்காடாக இருந்து, 2023 ஏப்ரலில் பாதியாகக் குறைக்கப்பட்டது.) ஆக 9 விழுக்காடு என்றால் ரூ. 2,70,000. அரசு குறித்துள்ள வழிகாட்டி மதிப்பு நாம் பேசிய விலையைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல் மதிப்பின் மீதே கட்ட வேண்டும். பெண்கள் பெயரில் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை உண்டு. ஆனால் அது பத்து இலட்சம் ரூபாய் வரையுள்ள சொத்துக்குத்தான். நம் வீட்டுக்கு அது எட்டாது.

தரகருக்கு ஒரு விழுக்காடு, ரூ. 30,000. பழுது பார்க்க மேஸ்திரி ஆறு இலட்சம் என்று சொல்லி எட்டு இலட்சத்தில் முடிக்கிறார். ஏன் கூடிற்று என்பதைப் பிறகு பார்ப்போம். கையில் இருந்தது போக 20 இலட்சம் கடன். 12 விழுக்காடு வட்டி. வாங்கி, செப்பனிட்டு, ஆள் பிடித்து விற்கப் பத்து மாதம். வட்டி மட்டும் ரூ. 2 இலட்சம். எல்லாம் சேர்த்தால் ரூ. 43 இலட்சம் அடக்கம். வீடு ரூ. 45 இலட்சத்துக்கு விற்கிறது என்றே கொள்வோம். "முப்பதுக்கு வாங்கி நாற்பத்தைந்துக்கு விற்றான்!" என்று ஊரே மூக்கில் விரல் வைக்கும். விற்ற தரகு ரூ. 45,000 போக அவன் கையில் நின்றது ரூ. 1,55,000. மாதத்துக்குப் பதினைந்தாயிரத்து ஐந்நூறு. அந்த வீட்டில் சாரம் கட்டி வேலை பார்த்த கொத்தனார் அதைவிடக் கூடுதலாகவே வாங்கியிருப்பார். அவருக்குக் கடனும் இல்லை. இரவில் தூக்கமும் கெடவில்லை.

இந்த ஒன்றரை இலட்சத்திலும் வருமான வரிக்குப் பங்குண்டு. இரண்டாண்டுக்குள் விற்றால் அது குறுகிய கால மூலதன ஆதாயம். மற்ற வருமானத்தோடு சேர்த்து அவரவர் விகிதத்தில் வரி. இதையே வழக்கமாகச் செய்தால் வியாபார வருமானம் என்று கணக்காகும். இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மிடம் வாங்குகிறவர் 45 இலட்சத்துக்கு 9 விழுக்காடாக ரூ. 4,05,000 கட்டுகிறார். ஒரே வீடு ஓராண்டுக்குள் இரு முறை கைமாறியதில் அரசுக்குச் சேர்ந்தது ரூ. 6,75,000. வெயிலில் நின்று வீட்டைச் செப்பனிட்டவனுக்குக் கிடைத்ததைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்! அரசின் மீது குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நம் கல்லூரியும் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. இவ்வளவு தீர்வையுள்ள நாட்டில் வீடு என்பது அடிக்கடி கைமாற்றத்தக்க சரக்கு அன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

இத்தொழில் பெருகி வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே புதியவர்களுக்கு ஒரு விதி சொல்லித் தருவார்கள். செப்பனிட்ட பின் வீடு என்ன விலைக்குப் போகுமோ அதில் 70 விழுக்காட்டை எடுத்துக்கொள். அதிலிருந்து பழுதுச் செலவைக் கழி. மிஞ்சுவதற்கு மேல் ஒரு காசும் கொடுக்காதே என்பது அவ்விதி. நம் கணக்குக்கு அதைப் பொருத்தினால் 45 இலட்சத்தில் 70 விழுக்காடு 31.5 இலட்சம், பழுது 8 போக 23.5 இலட்சம். நம்மவர் கொடுத்ததோ 30! பத்திரச் செலவு நம்முடையதைப் போல் கடுமையாக இல்லாத நாட்டில் பிறந்த விதி சொல்வதே இது. அந்த நாட்டிலும் அனைவரும் பிழைத்துவிடவில்லை. சில்லோ என்ற பெரிய நிறுவனம் கணினிக் கணிப்பை நம்பி ஆயிரக்கணக்கில் வீடுகளை வாங்கி, சிறு பழுது பார்த்து விற்றுவந்தது. விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று கூறி 2021 நவம்பரில் அத்தொழிலையே கைவிட்டது. அவ்வாண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் கையிருந்த வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத நேர்ந்தது. கணினிகளும் வல்லுநர்களும் நிறைந்த நிறுவனத்தின் கதி அது. நம் கையிலிருப்பதோ ஒரு கைபேசியும் ஒரு தரகரும்.

சரி, 23.5 இலட்சத்துக்கே வாங்கிவிடுவோம் என்கிறீர்களா? முப்பது பெறும் வீட்டை இருபத்து மூன்றரைக்கு யார் தருவார்? கடன் கழுத்தை நெரிப்பவர் தருவார். மருத்துவச் செலவுக்குத் தவிப்பவர் தருவார். பங்காளிச் சண்டையில் வெறுத்துப்போனவர் தருவார். இவர்களிடம் விலை குறைத்து வாங்குவது சட்டப்படி குற்றமன்று. மனத்துக்கு எப்படி என்பதை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் வேறொன்று நிச்சயம். வீடு மலிவாக வருகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. வாங்கியவனிடம் அந்தக் காரணமும் வீட்டோடு சேர்ந்தே வந்துவிடும். அது பெரும்பாலும் பத்திரத்தில் இருக்கும். இல்லையென்றால் சுவரில் இருக்கும்.

பத்திரத்தை முதலில் பார்ப்போம். பழைய வீடு என்றாலே பல வாரிசுகள். அண்ணன் தம்பி மூவரும் கையெழுத்துப் போடச் சித்தமாக இருப்பார்கள். "தங்கைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே" என்பார்கள். தந்தை தாமே சம்பாதித்த வீடாக இருந்து, அவர் உயில் எழுதாமல் மறைந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்குண்டு. பூர்விகச் சொத்தென்றால் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அன்று மணமாகாதிருந்த மகளுக்குப் பிறப்புரிமை தரப்பட்டது. நாடு முழுமைக்கும் 2005 செப்டம்பர் 9 முதல் எல்லா மகளிருக்கும் அவ்வுரிமை வந்தது. தந்தை அந்நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எந்த வழியில் போனாலும் தங்கையின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் வாங்கி, பளிங்கு பதித்து, வண்ணம் அடித்து நிற்கும்போது நீதிமன்ற அறிவிப்பு வந்தால் அந்தப் பளிங்கை என்ன செய்வது?

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாயிற்று, எல்லாம் சுத்தம் என்பார்கள். பதிவு செய்யப்பட்டவை மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். பதிவாகாத விற்பனை ஒப்பந்தம் வராது. வாய்ப்பேச்சுப் பாகப்பிரிவினை வராது. பட்டா இருக்கிறதே என்றால், பட்டா மட்டுமே சொத்துரிமைக்கு முழுச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. நம் கோயில் நகரங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. சுற்றுத் தெருக்களில் அடிமனை கோயிலுக்கும், மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் சொந்தமாயிருக்கும். அத்தகைய வீட்டை வாங்குகிறவன் மண்ணை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் வாங்குகிறான். மூலப்பத்திரம் வரை பின்னோக்கிச் சென்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் படித்துச் சொல்லத்தக்க வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம், இத்தொழிலில் வீணாகாத செலவுகளுள் ஒன்று.

இந்தச் செலவையும் தீர்வையையும் தவிர்க்கச் சில கெட்டிக்காரர்கள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். கிரயமே வேண்டாம், உரிமையாளரிடம் "பவர்" எழுதி வாங்கிக்கொள், வீட்டைப் பழுது பார், நேராக மூன்றாமவருக்கு விற்றுவிடு, ஒரு பத்திரச் செலவு மிச்சம் என்பார்கள். அதிகாரப் பத்திரத்தைக் காட்டி வீட்டை விற்றதாகச் சொல்லிக்கொள்வதால் சொத்துரிமை மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் திட்டவட்டமாகக் கூறியது. அதிகாரம் கொடுத்தவர் இறந்துபோனால் பொதுவாக அந்த அதிகாரமும் அவரோடு போய்விடும். எட்டு இலட்சம் செலவழித்துப் பிறர் வீட்டுக்குத் தளம் போட்டுக் கொடுத்த தர்மவான் என்ற பெயர்தான் மிஞ்சும்.

இனிச் சுவருக்கு வருவோம். ஆறு இலட்சம் எட்டு இலட்சமானது இங்கேதான்.

நம் ஊர்களில் எழுபது எண்பது ஆண்டுக்கு முந்திய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. தடித்த செங்கற் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே தேக்கு விட்டங்கள், அவற்றின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கி, செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மேல் தட்டோடு பதித்த தளம். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். இச்சுவர்களின் அடியில் ஓதத்தைத் தடுக்கும் பட்டை பெரும்பாலும் இராது. மண்ணின் ஈரம் மெல்ல மேலேறும். சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகி வெளியேறிவிடும். பூச்சு அவ்வப்போது உதிரும். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் சரியாகிவிடும். வீடு இப்படியே மூச்சுவிட்டுக்கொண்டு மூன்று தலைமுறையைக் கடந்திருக்கும்.

புதியவர் வருகிறார். பூச்சு உதிர்ந்திருப்பதைப் பார்க்கிறார். "எல்லாவற்றையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசிவிடுங்கள்" என்கிறார். மேஸ்திரிக்கும் அது எளிது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது தேடித்தான் கிடைப்பார்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். சிமெண்டோ மறுநாளே நிற்கும். அதன்மேல் பட்டி பார்த்து, பிளாஸ்டிக் வண்ணமும் அடித்தாயிற்று. சுவர் கண்ணாடிபோல் இருக்கிறது. ஆனால் உள்ளேயிருக்கும் ஈரத்துக்கு வழியடைபட்டுவிட்டது. வெளியேற முடியாத ஈரம் பூச்சுக்குப் பின்னே தேங்கும். இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்புப் பூத்து, வண்ணம் கொப்புளித்து, சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். சில வேளை பின்னாலிருக்கும் செங்கல்லையும் பொடியாக்கிக்கொண்டு வரும். ஒரு மழைக்காலம் போதும்.

தளமும் அப்படியே. எங்கோ ஒழுகுகிறது என்று பழைய தட்டோட்டின் மேல் சிமெண்ட் கான்கிரீட்டைக் கொட்டுவார்கள். ஒழுகல் நின்றதுபோல் இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் முனை பல ஆண்டு நனைந்து மக்கிப்போயிருப்பதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மக்கிய மரத்தின் தலையில் மேலும் பாரம்! வீட்டைப் பார்க்கப் போகிறவர் கூடத்தின் அழகைப் பாராமல் ஒவ்வொரு விட்டமும் சுவரைத் தொடும் இடத்தைப் பார்க்க வேண்டும். நிலைக்கதவின் அடிப்பாகத்தைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். கரையான் தின்ற மரம் பஞ்சுபோல் உள்வாங்கும். சுவரில் தரையிலிருந்து மூன்றடி வரை மட்டும் புதிதாக வண்ணம் அடித்திருந்தால் அங்கே என்ன மறைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சித்திரையில் எந்த வீடும் நல்ல வீடுதான். ஐப்பசியில், நாலு நாள் அடைமழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தால், பொறியாளர் அறிக்கையில் இல்லாத செய்திகளும் கிடைக்கும்.

இவ்வளவும் பார்த்தாலும் சுவரை உடைக்கும்போது இன்னும் சில வெளிப்படும். மின்கம்பியை மாற்றத் தொடங்கினால் பூமி இணைப்பே இல்லை என்பது தெரியும்; குழாயை மாற்றினால் கழிவு நீர் எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியாது. எனவே மேஸ்திரி சொல்லும் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வைக்காதவன் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

இங்கேதான் தொழில் ஒழுக்கம் என்ற கேள்வி வருகிறது. பணம் தீர்ந்துவிட்டது, வட்டி ஏறுகிறது, கடன் கொடுத்தவர் வாசலுக்கு வருகிறார். மக்கிய விட்டத்தை மாற்ற ஒன்றரை இலட்சம். கீழே அலங்காரக் கூரை அடித்து மறைக்க முப்பதாயிரம். புதியவன் எதைச் செய்வான்? அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. கடன்காரனாக இருந்தால் போதும். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாத முக்கியக் குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அச்சட்டம் கருதுகிறது. சட்டம் கிடக்கட்டும். அந்த அலங்காரக் கூரைக்குக் கீழே நாளை யாரோ ஒரு குழந்தைக்குத் தொட்டில் கட்டுவார்கள். மறைத்து விற்பதை வியாபாரத் திறமை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அதன் பெயர் களவு.

இன்னொரு கொடுமை பொருளையே மறைப்பது அன்று, பொருளையே அழிப்பது. திண்ணையை இடித்து வண்டி நிறுத்துவார்கள். கால் பட்டுக் கால் பட்டுக் கண்ணாடியான ஆத்தங்குடிக் கல் தரையைப் பெயர்த்துவிட்டு, எல்லாக் கடையிலும் கிடைக்கும் டைல்ஸ் ஒட்டுவார்கள். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் பழைய வீடுகளின் தூண்களும் நிலைகளும் எத்தனை கிராக்கியோடு விலை போகின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், பழையதைப் பெயர்த்துக் குப்பையில் கொட்டுகிறவர் தம் இலாபத்தையே கொட்டுகிறார் என்பது விளங்கும்.

அப்படியானால் இத்தொழிலே வேண்டாமா? வேண்டும்; ஆனால் வேறு முறையில். முதல் வீட்டை விற்பதற்காக வாங்காமல் குடியிருப்பதற்காக வாங்கவேண்டும் என்பது என் யோசனை. குடும்பத்தோடு அங்கேயே இரண்டாண்டு வாழட்டும். கொடுக்கும் வாடகை மிச்சமாகும். கைமாற்றுக் கடனைவிடக் குறைந்த வட்டியில் வங்கியின் வீட்டுக் கடன் கிடைக்கும். இரண்டு ஐப்பசியைப் பார்த்துவிட்டால் வீடு தன் நோயைத் தானே சொல்லிவிடும். முதலில் தளம், பிறகு ஓதம், பிறகு மின்கம்பி, கடைசியில்தான் வண்ணம் என்று கைக்குப் பணம் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்யலாம். இருபத்து நான்கு மாதம் கடந்து விற்றால் நீண்ட கால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 12.5 விழுக்காடு, குறித்த காலத்துக்குள் வேறொரு குடியிருப்பு வீட்டில் அந்த ஆதாயத்தைப் போட்டால் அவ்வரியிலும் விலக்கு உண்டு. நல்ல விலை வராவிட்டால் விற்காமல் குடியிருக்கலாம். அவசரமில்லாதவனிடம் யாரும் விலையை அடிக்க முடியாது. விற்கும்போது என்னென்ன பழுது இருந்தது, எதை எப்படிச் சரிசெய்தோம், எது இன்னும் மிச்சம் என்று ஒரு தாளில் எழுதி, ரசீதுகளோடு வாங்குபவர் கையில் கொடுத்துவிடலாம். இதனால் விலை சற்றுக் குறையலாம். குறையட்டுமே.

"அந்த முதல் வீட்டுக்கே எங்களிடம் பணமில்லையே" என்று நண்பர்கள் கேட்பது புரிகிறது. அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் நம்மில் பெரும்பாலோர் நிலை அதுதான். பணமில்லாக் காலம் கற்கும் காலமாகட்டும். கோடை விடுமுறையில் ஒரு மேஸ்திரியிடம் கணக்கெழுதப் போகலாம். ஒரு வீட்டைப் பிரித்துப் பூசுவதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தவனுக்குத் தெரிவது, திரையில் ஆயிரம் வீடு பார்த்தவனுக்குத் தெரியாது. வில்லங்கம் படிக்கப் பழகவும் காசு வேண்டாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சார்பதிவகத்தின் பெயர், கிராமம், புல எண் ஆகியவை தெரிந்தால் போதும். ஊரார் சொத்தைத் தேடிப் போகுமுன் சொந்த வீட்டின் வில்லங்கத்தை எடுத்துப் பாருங்கள். தாத்தா காலத்திலிருந்து எத்தனை முறை அடமானம் போய் மீண்டிருக்கிறது, பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அதில் அத்தைமார் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.